பாய்மரப் படகை எங்களுக்கு விற்றவர்

நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து வாங்கிய பாய்மரப் படகு, அதற்கு முன் சிதம்பரத்துக்காரர் ஒருவருடையது. மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பேசும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார்.

முதுநகர் துறைமுகத்திலிருந்து முதல்முறை கிளம்பிய காலையில் அவரையும் கூப்பிட்டோம். அவர் ஏறாமல் கரையிலேயே நின்றார்.

"எனக்குக் கடலுன்னா பயம் சார். இதுல ஒரு தடவகூட வெளிய போனதில்ல. ஞாயித்துக்கெழம வந்து, கட்டிப் போட்ட படகுல உக்காந்துட்டுப் போயிடுவேன்."

நாங்கள் சிரித்துவிட்டோம். அவரும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அன்று நல்ல காற்று. பாய் விரிந்ததும் நண்பர்கள் குதூகலித்தார்கள். எனக்கு, சிரிக்க முடியாமல் நின்ற அவருடைய முகமே கண்ணில் நின்றது.

பிறகொரு நாள் சிதம்பரம் கீழவீதியில் அவரை மனைவியோடு பார்த்தேன்.

"படகு எப்டிப் போவுது தம்பி? இவரு ஓட்டுனப்போ அலை மேல பறக்கும்னு சொல்லுவாரு," என்றார் அந்த அம்மா.

"சார் சொல்லிக்குடுத்த மாதிரிதாம்மா ஓட்டுறோம்," என்றேன்.

அவரைக் காப்பாற்றிவிட்ட நினைப்பில் நிமிர்ந்தேன். அவரோ கூனிக் குறுகி, என் முகத்தைப் பார்க்காமலே நடந்தார். என்னால் அவருக்கு மறுபடியும் அவமானம்தான். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.