பன்றிக்கு எந்தத் தோட்டா

ஸ்ரீமுஷ்ணம் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவருக்கு விரல் நுனியெல்லாம் கறுப்பு. தடித்தது ஒன்றும் ஒல்லியானது ஒன்றுமாக இரண்டு காலித் தோட்டாக்களை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே வந்தார். எஸ்டேட் முதலாளிக்கு வேட்டைத் தோட்டா ரொப்பிக் கொடுத்தவராம். பன்றிக்கு எது என்று கேட்டேன்.

"ரெண்டுலயும் கால் அங்குல குண்டுதாங்க. தடிச்சதுல வெடிமருந்து ஜாஸ்தி, தூரம் போவும், தோளை இடிக்கும். பன்னிக்கு ஒல்லியே போதும்."

பீங்கான் சூளை வேலை போக எனக்கு அரை ஏக்கர் மக்காச்சோளம். பாதியைப் பன்றி சாய்த்திருந்தது.

"பர்மிட்டு வாங்கிடறேன். வந்து சுடுங்க" என்றேன்.

"மாட்டேங்க. எங்க குலசாமி வராகரு. பன்னி முகம்."

"முதலாளிக்கு ரொப்பிக் கொடுத்தீங்களே?"

"கொடுத்தேன். துப்பாக்கி விசையில வெரலு வைக்கலைங்க."

ஸ்ரீமுஷ்ணத்தில் இறங்கி வராகர் கோயில் பக்கம் நடந்தார். மீதிச் சோளமும் அந்த மாதமே போயிற்று. அவர் மேல் கோபம் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.