சோஃபியா என்று கூப்பிட்டால்

குழந்தைகள் காப்பகத்தில் வேலை என்றால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள்; யாரை எந்தப் பெயரில் கூப்பிடுவது என்பதிலேயே பாதி உயிர் போய்விடும் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு சிட்னியில், செவன் ஹில்ஸ் பக்கம் ஒரு சைல்ட்கேர் சென்டரில் வேலை. யார் யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து இடுப்பு ஒடிந்தவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் கிட்டே வாருங்கள், உங்களுக்குத்தான் இது புரியும்.

மூன்று தலைகள்

எங்கள் அறையில் மூன்று சோஃபியாக்கள். ஒருத்தி லெபனான்காரர் வீடு, ஒருத்தி பிலிப்பைன்ஸ், ஒருத்தி நம் சென்னைக்காரர் வீடு. ‘சோஃபியா, இங்கே வா’ என்றால் மூன்றும் ஓடிவரும். ‘சோஃபியா, மண்ணைத் தின்னாதே’ என்றால் மூன்றும் காதே கேட்காத மாதிரி இருக்கும். இந்தப் பெயர் இங்கே இத்தனை பிரபலம் என்று வேலைக்குச் சேரும்போது யாரும் எச்சரிக்கவில்லை.

வெயில் காலத்தில் தொப்பியும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் ஒரு பிள்ளையையும் வெளியே விடக் கூடாது. ஒருநாள் நான் ஒரு சோஃபியாவுக்குப் பூசிவிட்டேன். சக ஊழியர் ஒருத்தர் ‘சோஃபியாவுக்கு ஆச்சா?’ என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் அவளுக்கே இன்னொரு தடவை பூசிவிட்டார். சாயங்காலம் கூட்டிப்போக வந்த லெபனான் அம்மா, வெள்ளைவெளேரென்று நின்ற மகளைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: “என் பிள்ளை பரவாயில்லை. வெந்துபோன சோஃபியாவோட அம்மாவுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?”

அர்த்தம் வர நேரமாகும்

சென்னைக்கார சோஃபியாவின் அப்பாவுக்குப் பரமட்டாவில் ஐடி வேலை. நம் ஆளாயிற்றே என்று ஒருநாள் கேட்டேன், ஏன் இந்தப் பெயர் என்று. “பூரட்டாதி நட்சத்திரம்க்கா, ‘சோ’ல ஆரம்பிக்கணும்னு ஜோசியர் சொல்லிட்டார். சோமசுந்தரின்னு வச்சா நாளைக்கு ஸ்கூல்ல யார் வாயில நுழையும்? தேடிப் பார்த்தோம். சோஃபியான்னா கிரேக்கத்துல அறிவு, ஞானம். நம்ம ஞானாம்பாள்தான், வேற சட்டை போட்டிருக்கா” என்றார். அவருக்கு அதில் பெரிய திருப்தி.

அதே வாரம் அந்த ஞானாம்பாள் விளையாட்டு மாவில் பச்சை உருண்டை ஒன்றைத் தின்றுவிட்டாள். விஷமில்லாத மாவுதான். ஆனாலும் பெற்றவர்களிடம் சொல்லியாக வேண்டும், சொன்னேன். அவர் மகளின் பச்சை நாக்கை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: “பேர் மட்டும்தான்க்கா இப்ப வச்சிருக்கோம். அறிவு அப்புறம் வரும்.”

பெரிய சோஃபியா

நான்காவது சோஃபியா எங்கள் சமையல்காரி. அசல் கிரேக்கம். அறுபதை நெருங்குகிறாள், குரல் மட்டும் அடுத்த தெருவரை போகும். தன் பெயருக்குரிய புனிதரின் நாள் வந்தால் பிறந்தநாளைவிடப் பெரிதாகக் கொண்டாடி, எங்களுக்கெல்லாம் தேன் சொட்டும் பலகாரம் கொண்டுவருவாள். அந்தப் புனிதருக்கு மூன்று பெண்களாம்: விசுவாசம், நம்பிக்கை, அன்பு. ‘மூன்று பெண்ணை வளர்த்தவளுக்குத்தான் ஞானம் வரும்’ என்பது அவள் வியாக்கியானம். அவள் பேசுவது ஆங்கிலம். இங்கே நான் என் தமிழில் சொல்கிறேன்.

அவள் பெற்றோர் கிரீஸிலிருந்து கப்பலில் வந்து சிட்னியின் மாரிக்வில்லில் குடியேறியவர்கள். பள்ளியில் டீச்சர் ‘இதென்ன பெயர்’ என்று கேட்டு, ‘சூ’ என்று மாற்றிவிட்டாராம். பள்ளி முடியும்வரை சூ. கல்யாணப் பத்திரிகையில்தான் தன் பெயரை மீட்டாள். வாசலில் வரிசையாகத் தொங்கும் பைகளில் சோஃபியா, சோஃபியா என்று எழுதியிருப்பதைக் காட்டி ஒருநாள் சொன்னாள்: “அன்னைக்கு என் பேரைப் பார்த்துச் சிரிச்சவங்க எல்லாம் இன்னைக்குப் பேத்திக்கு வச்சிருக்காங்க. எனக்குன்னு ஒரு பேத்தி வரட்டும், என் பாட்டிகிட்ட வாங்கின பேரை ஒழுங்கா ஒப்படைக்கிறேன்.”

உப்பு

பேத்தி வரப்போவது ஸ்கேனில் நிச்சயமானது. அவள் மகன் நிக் கட்டியிருப்பது துஷி என்ற யாழ்ப்பாணத்துப் பெண்ணை. மகனுக்குப் பிறக்கும் முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர் என்பது கிரேக்க வழக்கம். அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நிக் ஒருநாள் போனில், ‘அம்மா, துஷிக்கு அந்தப் பேர் வேணாமாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். ஆண்பிள்ளைகள் தூது போனால் விஷயம் பாதிதான் வந்து சேரும்.

மறுநாள் சூப்பில் உப்பே இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவள் குரலும் அடங்கிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. நான் மதுரைக்காரி, துஷி யாழ்ப்பாணம். சிட்னியில் அந்த வித்தியாசமெல்லாம் யார் பார்க்கிறார்கள்? பாத்திரம் எடுக்கப் போன என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள்: “ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் என் பேர் பிடிச்சிருக்கு. உங்க ஆளுங்களுக்கு மட்டும் என்ன குறை?”

மருமகளுக்குக் கிடைப்பது

ஒரு வெள்ளிக்கிழமை மாமியாரைக் காரில் கூட்டிப்போக துஷி வந்தாள். நிறைமாதம். சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டுக் கழுவினாள். நான் தமிழில் மெதுவாகக் கேட்டதும் துஷிக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்குப் பெயரில ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா. வடிவான பெயர். ஆனா மாமிக்கு முன்னால மாமின்ர பெயரையே நான் சொல்லிறதில்லை. பிள்ளைக்கு அதை வைச்சுப்போட்டு, அந்தப் பெயரைச் சொல்லி ‘இறங்கடி’ எண்டு நான் எப்பிடி ஏசிறது? அது மரியாதையோ?”

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் வீட்டில் அக்காவுக்கு அப்பத்தா பெயர். அம்மா அந்தப் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை, ‘பெரியவளே’தான். ஆக, ஒருத்தி பெயரை வைப்பதை மரியாதை என்கிறாள், மற்றவள் சொல்லாமலிருப்பதை மரியாதை என்கிறாள். இரண்டு பேருமே மனசு நொந்து கிடந்திருக்கிறார்கள். இதை நான் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன்.

பெரிய சோஃபியா குழாயை மூடினாள். ஈரக் கையோடு மருமகள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். “என் மகளுக்கு என் மாமியார் பேர், எலெனி. ‘எலெனி, வாயை மூடு’, ‘எலெனி, உன்னோட பெரிய தொல்லை’ன்னு அந்தம்மா முன்னாடியே நின்னு எத்தனை வருஷம் கத்தியிருக்கேன் தெரியுமா? அந்தம்மாவால என்னைத் திருப்பி ஒரு வார்த்தை கேட்க முடியலை. எங்க வழக்கத்துல மருமகளுக்குக் கிடைக்கிற ஒரே சந்தோஷம் அது. அதையும் வேணாம்னா எப்படி?”

துஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அந்தப் பெயர் முதல்முறையாக அவள் வாயிலிருந்து வந்தது: “அப்ப சோஃபியாவே வைப்பம், மாமி.”

ஒரு பெயருக்கு என்ன அர்த்தம் என்பதைக் கூகுளில் தேடிக்கொள்ளலாம். அது எதற்குப் பயன்படும் என்பதை மருமகள்களிடம்தான் கேட்க வேண்டும்.