அதுவா வரும் பத்தி

"சனிக்கிழமை, காலை 5.00. ஊரிகம் கணினி பதில் அளித்தது. செயலியை இயக்க அனுமதி இல்லை. பிழை மைனஸ் 1743."

இது நான் எழுதிய குறிப்பு அல்ல. ஜெர்மனியில் என் மேசைமேல் இருக்கும் கணினி, நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது தானாக எழுதிவைத்தது. நவம்பரின் கடைசிச் சனிக்கிழமை, பல்கூடத் துலக்காமல் இதைப் படித்தேன். நான்கு இலக்க எண் எதைப் பார்த்தாலும் எனக்கு அது ஆண்டாகத்தான் தெரியும். 1743இல் தங்கவயலில் யார் இருந்திருப்பார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தேவிட்டேன். முன்னால் இருந்த மைனஸ்தான் என்னைத் தட்டி எழுப்பியது. இந்த நாட்டில் ரயில் தாமதமானால் எத்தனை நிமிடம், என்ன காரணம் என்று பலகையில் எழுதிக் காட்டுவார்கள். ஆறு வருடமாகியும் அது எனக்கு விநோதமாகவே இருக்கிறது. ஊரிலிருந்து காரணம் எதுவும் வரவில்லை. இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான்.

என்ன இல்லை என்று சொல்லிவிடுகிறேன். சென்ற ஈஸ்டர் விடுமுறையில் ஊருக்குப் போனபோது என் பழைய கணினியைக் கையோடு கொண்டுபோய், தங்கவயல் ஊரிகத்தில் எங்கள் சபை அலுவலகத்தில் வைத்துவிட்டு வந்தேன். ஞாயிறு ஆராதனைக்கு அச்சிடும் நான்கு பக்க வாரத்தாள் அதில்தான் தயாராகிறது. நான்காம் பக்கத்தின் கீழ்ப்பாதி என்னுடையது. 'இதே வாரத்தில்' என்று தலைப்பு. எந்தத் தொழிலாளர் லைன் வீட்டில் யாருக்கு ஞானஸ்நானம் நடந்தது, எந்தச் சுரங்க ஷாப்டில் வேலை பார்த்தவர் எப்போது ஓய்வு பெற்றார், பேத்தமங்களா ஏரித் தண்ணீர் எந்த லைன் குழாய்க்கு எந்த மாதம் வந்தது என்று பழைய பதிவேடுகளைப் பார்த்து, நாளும் கிழமையும் பொருந்துகிறதா என்று சோதித்து எழுதுவேன். எழுதியதை யாரிடமும் கொடுப்பதில்லை. அதற்கென்று, கணினி தானாகச் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு அது இங்கிருந்து புறப்பட்டு, இணையம் வழியாக ஊரிகம் கணினிக்குள் நுழைந்து, பக்கம் அமைக்கும் செயலியைத் திறந்து, என் எழுத்தை அதன் இடத்தில் வைத்து, சேமித்துவிட்டு வந்துவிடும். என் அப்பா தங்கச் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே நிற்கும் கேஜ் கூண்டை அவர் கண்ணால் பார்த்ததில்லை. மணி எத்தனை முறை அடிக்கிறது என்பதை வைத்தே ஏற்றினார், இறக்கினார். நானும் அவர் வேலையைத்தான் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது.

பழுது பார்ப்பதில் எனக்கு ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சந்தேகப்படுவேன், நேரத்தையும் எழுதிக்கொள்வேன். கணினி விழித்திருக்கிறதா? ஆம், பதில் வருகிறது. பெயரும் கடவுச்சொல்லும் சரியா? உள்ளே விடுகிறது. செயலி இருக்கிறதா? இருக்கிறது. ஒரு கோப்பை இங்கிருந்து அங்கே வைக்க முடிகிறதா? முடிகிறது. வீட்டுக்குள் நடக்கலாம், நாற்காலியில் உட்காரலாம். பேனாவை மட்டும் தொடக் கூடாது என்கிறார்கள். அப்படித்தான் இருந்தது. படித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. தூரத்திலிருந்து ஒருவர் எஸ்எஸ்எச் என்ற வழியில் நுழைந்து செயலியை இயக்க வந்தால், கணினி தன் திரையில் ஒரு கேள்வி கேட்கும். முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை வேண்டாம் என்றுவிட்டால் மறுபடி கேட்காது. ஈஸ்டரில் நானே முன்னால் உட்கார்ந்து சரி என்று அமுக்கியிருந்தேன். இடையில் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டு கேள்வியைத் திரும்பவும் கேட்டிருக்கிறது. இந்த முறை என் நாற்காலியில் வேறு யாரோ.

அந்த வேறு யாரோ யார் என்பது ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. ஊரிகத்தில் இருக்கும் அக்கா வாரத்தாளைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, உடனே போனும் செய்தாள்.

"டேய் எட்வின், நாலாம் பக்கம் படிச்சியா? சிரிச்சி சிரிச்சி வயிறே வலிக்குதுடா. ஆபீஸ்ல புதுசா ஒரு பொண்ணு, ஸ்டெல்லான்னு. ஜூன்லேர்ந்து வருது, அதுதான் எழுதுச்சாம்."

"என் பத்தி வரலையே, பாத்தியாக்கா?"

"உன்னுதா?" தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஆமால்ல. நான் கவனிக்கலடா."

என் பாதிப் பக்கத்தில் 'ஜன்னல் சீட்டு' என்று ஒரு பத்தி உட்கார்ந்திருந்தது. பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் காலை ரயிலைப் பற்றியது. "மாரிகுப்பத்துல ஏர்றவங்களுக்கு ஜன்னல். ஊரிகத்துல ஏர்ற நமக்குக் கதவு. கோரமண்டல்ல ஏர்றவங்களுக்கு நம்ம காலு. பங்காரப்பேட்டை வந்தா எல்லாரும் சமம், யாருக்கும் மூச்சு வுட எடமில்ல." நான் ஒன்பது முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மற்ற எட்டு முறையும் பிழை தேடினேன். 'ர'வும் 'ற'வும் மாறிய இடங்கள் மூன்று, ஒற்று விட்ட இடங்கள் ஏழு, தேதி ஒன்றுகூட இல்லை. படத்தை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, அந்தத் தாளை என் கோப்பில் சேர்த்தேன். அடுத்த வாரமும் ஜன்னல் சீட்டு. அதற்கடுத்த வாரம் அது கீழ்ப்பாதியைத் தாண்டி மேலேயும் ஏறியிருந்தது.

பொறாமை எனக்குப் புதிதல்ல. நான் வசிக்கும் ஊர் ரூர் பகுதியில் ஒரு பழைய நிலக்கரி நகரம். இங்கும் சுரங்கம் மூடியாயிற்று. ஆனால் மூடியதை இவர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள்! சுரங்க வாயில் நிற்கும் கப்பிக் கோபுரத்துக்கு வர்ணம் அடித்திருக்கிறார்கள், கழிவு மேட்டில் புல் வளர்த்து நடைபாதை போட்டிருக்கிறார்கள், சுரங்கத்தின் பழைய தாள்களை வரிசைப்படி பெட்டியில் அடுக்கியிருக்கிறார்கள். நம்மூரில் தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மேட்டைக் காற்றுதான் அடுக்கி வைக்கிறது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்கார அம்மாளிடம் நான் தங்கச் சுரங்க ஊர்க்காரன் என்று ஒருமுறை சொன்னேன். "ஓ, நீங்கள் ஆற்றில் சல்லடை போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டார். பூமிக்கடியில் ஆழத்தில் என்றேன். "மீன் பிடிக்கும் ஆழமா?" என்றார். என் ஜெர்மன் அவ்வளவுதான். அவர் தாத்தா நிலக்கரி வெட்டியவராம். தாத்தா எந்த நாள் எந்த ஷிப்டில் இறங்கினார் என்று அந்தப் பெட்டிகளைக் கேட்டால் தெரியும் என்று சாதாரணமாகச் சொன்னார். நம்மூருக்கு அந்தப் பெட்டி நான்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்தப் பெட்டியின்மேல் ஸ்டெல்லா உட்கார்ந்து ரயில் கதை எழுதுகிறாள்.

மூன்றாவது வாரத்தாளுக்குப் பின் வந்த புதன்கிழமை, இங்கே காலை பத்து மணிக்கு, சபை அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன்.

"நான் ஜெர்மனி எட்வின் பேசறேன்."

"ஜெபக் குறிப்புல கீற எட்வின் அண்ணாவா! சொல்லுங்கண்ணா. கெளம்பிட்டீங்களா?"

"எங்க கெளம்ப?"

"ஜெர்மனிக்கு."

அச்செடுத்து வைத்திருந்த தாள்களை அவசரமாகப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில், நோயாளிகளுக்கும் தேர்வெழுதும் பிள்ளைகளுக்கும் நடுவில், சிறிய எழுத்தில் இருந்தது: 'ஜெர்மனி போகும் சகோ. எட்வினுக்காக.' என் பத்தியை மட்டுமே பார்த்துவந்த கண்ணில் அது பட்டதே இல்லை. நான் இருக்கும் ஊரின் பெயரே 'போகும்', எழுதுவது Bochum. ஜெர்மானியர் உச்சரிப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். 'ஜெர்மனி, போகும்' என்று சபைச் செயலாளர் போனில் சொன்னதை ஸ்டெல்லா 'ஜெர்மனி போகும்' என்று எழுதிக்கொண்டுவிட்டாள். ஜூனிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும், இன்னும் புறப்படாத எனக்காகச் சபை ஜெபித்துவந்திருக்கிறது.

"நான் வந்து ஆறு வருஷம் ஆவுதும்மா. ஊர் பேருதான் போகும்."

"ஊரு பேரே போவுமா!" சிரித்தாள். "அப்ப சரி, போயிட்டீங்கன்னு மாத்திர்றேன்."

நான் சிரிக்கவில்லை. கணினி ஏதாவது அனுமதி கேட்டதா என்றேன்.

"கேட்டுச்சே. எஸ்எஸ்எச்னு ஆரம்பிச்சி வாயில நொழையாத ஒரு பேரு. அது கண்ட்ரோல் பண்ணணுமாம். இன்னாத்துக்கு? வேணாம்னு அமுக்கிட்டேன்."

"யாரக் கேட்டு அமுக்கினே?"

"என்னத்தானண்ணா கேட்டுச்சு. முன்னாடி ஒக்காந்துனு கீறது நானாச்சே." பிறகு குரல் மாறியது. "மூணு வாரம் பொறுத்துகினேண்ணா. சனிக்கெழம அறிவிப்பெல்லாம் டைப் பண்ணிகினு இருப்பேன். திடீர்னு எல்லாம் மூடிக்கும். நான் அடிச்சது காணாம பூடும். அப்பால நாலாம் பக்கம் தானா தொறந்து அந்தப் பழைய சமாச்சாரம் வந்து வுழும். செக்ரட்டரி அண்ணன்கிட்ட சொன்னா, அது அதுவா வரும்மான்றாரு. அதுவா வந்தா வரட்டும், என்னுது ஏன் அதுவா போவணும்?"

"அது எட்டரைக்கே முடிஞ்சிடுமே. ஆபீஸே ஒம்போதுக்குத்தான தொறக்கும்?"

"அது வர்றது ஒம்போதரைக்குங்கண்ணா. எதிர் செவுத்துல கடியாரம் கீது."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அக்டோபர் கடைசி ஞாயிறு இந்த நாட்டில் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். நம்மூரில் யாரும் எதையும் தள்ளுவதில்லை. கோடையில் என் ஐந்து மணி ஊரிகத்துக்கு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. அடுப்புக் கடிகாரத்தையும் கைக்கடிகாரத்தையும் மாற்றி, 'மணி மாற்றம்' என்று நாட்குறிப்பில் எழுதியும் வைத்த நான், ஸ்கிரிப்டைத் தொடவில்லை. அதன் முதல் வரியோ, திறந்திருக்கும் எல்லாவற்றையும் சேமிக்காமல் மூடு என்பது. என் பக்கத்துக்குக் குறுக்கே யாருடைய எழுத்தும் வந்துவிடக் கூடாது என்று நானே யோசித்து எழுதிய வரி. என் கணினியின் பதிவில் அந்த மூன்று சனிக்கிழமைகளுக்கு நேராகவும் ஒரே சொல்தான் இருக்கிறது: வெற்றி.

அவளிடம் சொன்னேன். "அது நீங்களா?" என்றாள். பிறகு, "பரவால்லண்ணா. எங்க டிக் பண்ணணும் சொல்லுங்க, இப்பவே பண்ணிர்றேன்."

இதைத்தான் மூன்று வாரமாக வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் ஒரு டிக். அப்புறம் நான் யாரையும் கேட்க வேண்டாம், பக்கம் எனக்குத் திரும்பிவிடும். ஆனால் திரும்பினாலும் சபைக்கு நான் 'அது'தான்.

"டிக் வேணாம்," என்றேன். "எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பறேன். நீயே போட்டுடு."

"அதாண்ணா. எல்லாரும் அப்டித்தான அனுப்பறாங்க."

எல்லாரும் என்ற சொல் இரண்டு நாள் குத்தியது.

காணாமல் போனவை என்னென்ன என்று கேட்டு எழுதிக்கொண்டேன். முதல் வாரம் ஒரு கல்யாண அறிவிப்பு. பதிவேட்டைப் பார்த்துத் திரும்ப அடித்துவிட்டாள். இரண்டாவது, பெண்கள் கூட்டத்து நேரம். அது அவளுக்கு மனப்பாடம். மூன்றாவது ஒரு மரணச் செய்தி. மைசூர் மைன்ஸ் குடியிருப்பிலிருந்து ஒருவர் வந்து, இறந்துபோன தன் அப்பா கோவிந்தசாமி சபையைச் சேர்ந்தவர் இல்லை, இந்துதான், ஆனால் அவரோடு ஷிப்டில் இறங்கியவர்கள் பலர் இங்கே வருகிறவர்கள், அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கையிலிருந்த சீட்டைப் படித்துச் சொல்ல, ஸ்டெல்லா அடித்திருக்கிறாள். சீட்டை எடுத்துக்கொண்டு அவர் போன ஐந்தாவது நிமிடம் என் ஸ்கிரிப்ட் வந்திருக்கிறது. நினைவிலிருந்து திரும்ப அடித்தபோது வயது எழுபத்தொன்றா எழுபத்தேழா என்று அவளுக்குச் சந்தேகம். எழுபத்தேழு என்று போட்டுவிட்டாள்.

ஆகவே நான் முதலில் அனுப்பியது பதினொரு வரியில் ஒரு திருத்தம். ஞாயிறன்று அது இரண்டு வரியாக வந்தது: "நவம்பர்ல வந்த கோவிந்தசாமி அய்யா மரணச் செய்தில வயசு தப்பா இருக்கலாம். தெரிஞ்சவங்க ஆபீஸ்ல வந்து சொல்லுங்க." என் பெயர் இல்லை. ஜன்னல் சீட்டுக்குக் கீழே இருந்தது. என்னுடையதைவிட அது நன்றாக இருந்தது, அதையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அக்காவை மைசூர் மைன்ஸுக்கு அனுப்பினேன். வீடு பூட்டியிருக்கிறது. மகன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டாராம். போன் எண் யாரிடமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எழுபத்தொன்று என்கிறார், அவர் மனைவி எழுபத்தேழு என்கிறார். ஊரிகத்தின் மணிக்கும் என் மணிக்கும் நடுவில் விழுந்துவிட்ட எண் அது. அங்கே இருப்பவர்களாலும் எடுக்க முடியவில்லை, இங்கே இருக்கும் என்னாலும் எடுக்க முடியவில்லை. என் குறிப்பேட்டில் 'கோவிந்தசாமி, மைசூர் மைன்ஸ், வயது' என்று எழுதி, இரண்டு இலக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். 71 அல்லது 77. இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.