எதையும் தள்ளத் தெரியாதவர்

என் வீட்டுக்காரர் கதிர்வேல்தான் எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் கொடுப்பவர். நல்ல மனுஷன்தான், ஆனால் எதையும் விடத் தெரியாது. தறியில் ஓர் இழை அறுந்தாலும் முடிச்சுப் போடாமல் நகரக் கூடாது என்று வளர்ந்த நெசவாளி வீட்டுப் பிள்ளை. ரவுட்டரிலும் அதையேதான் செய்தார். ஒரே நேரத்தில் எல்லோரும் பார்த்து நெரிசல் வந்தால், கொள்ளாமல் மிஞ்சுகிற தகவலை அது கழித்துத் தள்ளிவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவர் விடவில்லை. தகவல் காத்து நிற்கும் வரிசையை முடிந்தவரை நீளமாக வைத்து, "எல்லாம் நின்னு போவட்டும், யாருதும் வீணாவக் கூடாது" என்றார்.

சாதாரண நாளில் தப்பித்தோம். அறுபத்து மூவர் உலா அன்று மாட்டிக்கொண்டோம். சாமி தெருவுக்குள் திரும்பியதும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வீடு வீடியோவில் காட்டுவது வழக்கம். நானும் தோஹாவில் இருக்கும் தம்பி லோகேஷுக்காகப் போனைத் தூக்கிப் பிடித்து நின்றேன்.

எதிர்வீட்டு சங்கீதா ஓடி வந்தாள். மாதக்கணக்கில் அலைந்து கடைசிச் சுற்று வரை வந்திருந்த வேலை. அன்றைக்குத்தான் வீடியோவில் இன்டர்வியூ.

"அண்ணா, அவங்க கேக்கறது எனக்கு வந்து சேர்றதுக்குள்ள அடுத்த கேள்விக்குப் போயிடறாங்க. இன்னும் ஒரே வாட்டிதான் கூப்புடுவாங்களாம். அப்பவும் இப்படியே இருந்தா அவ்ளோதான்!"

அவள் பின்னாலேயே நானும் உள்ளே ஓடினேன். இவரோ லேப்டாப்பையே வெறித்துக்கொண்டிருந்தார். தெரு மொத்தத்தின் வீடியோவும் அந்த நீள வரிசையில் நிற்கிறது, அதன் வாலில் இவள் குரல். வரிசையைக் குறுக்கி, இவளை முன்னால் விட்டு, மற்றவர்களுடையதைத் தள்ள வேண்டும். அதுவும் சாமி வருகிற நேரத்தில்!

"இன்னாய்யா பாத்துக்கினு இருக்கற? தள்ளுய்யா!" என்று கத்தினேன்.

சங்கீதாவை அவள் வீட்டுக்கு ஓடச் சொல்லிவிட்டு எதையோ அழுத்தினார். என் போனில் தம்பி முகம் அப்படியே நின்றுபோனது.

அவ்வளவுதான், தெருவே திரண்டு வந்தது. "சாமி வாசல்ல நிக்குது, லைனை அறுத்துட்டியே! நீயெல்லாம் உருப்படுவியா?" என்று பக்கத்து வீட்டு முனிசாமி உள்ளே நுழையப் பார்த்தார். இவர் லேப்டாப்பை விட்டு எழவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலை மறித்து நின்றேன்.

"அந்த ஆளைத் திட்டறதுன்னா நான் திட்டுவேன். வேற யாராச்சும் வாயத் தொறந்தீங்க, அவ்ளோதான்! அந்தப் பொண்ணு பேசி முடிக்கிற வரிக்கும் ஒருத்தரும் உள்ள வரக்கூடாது."

ஆரத்தி முடிந்து சாமி நகர்ந்துவிட்டது. கூட்டம் மட்டும் நகரவில்லை. நானும் வாசலை விட்டு அசையவில்லை. கடைசியில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சங்கீதாவின் முகமெல்லாம் வியர்வை.

"வேலை?" என்றேன்.

"தெரியலை அண்ணி. ஆனா நான் சொன்னது ஒரு வார்த்தை விடாம அவங்க காதுல விழுந்துச்சு."