உள்ளூர் உதவியாளர் பஞ்சநதம்

காவிரி மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இது நடந்தது. அழியும் உயிர்களைக் காப்பதற்காகத் தன் கோடை விடுமுறையையே கொடுத்த ஒருத்தி பொய் சொல்ல மாட்டாள்.

சொல்லியிருக்கிறேன். இருபத்தொன்பது தடவை. எல்லாம் எழுத்தில், கையெழுத்தோடு. ஆனால் முப்பதாவது ராத்திரி நடந்தது மட்டும் அப்படியே உண்மை.

போன வருஷம் மே மாதம். தஞ்சாவூரில் ஒரு காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பில் எனக்கு இன்டர்ன்ஷிப். முப்பது நாள் களப்பணி செய்ததாகச் சான்றிதழ் இருந்தால்தான் நான் கேட்டிருந்த மேற்படிப்பில் இடம். வேலை, கூகை எண்ணுவது. வயல் எலிகளைத் தின்னும் வெள்ளை முக ஆந்தை அது. கீழ்வேளூர் பக்கம் ஒரு கிராமத்தில், வாய்க்கால் மதகடியில், தினமும் இரவு 10.10 முதல் 10.20 வரை எத்தனை கூகை கத்துகிறது என்று எழுத வேண்டும். ஒரே ஆள் எண்ணினால் ஒரே பறவையை இரண்டு தடவை எண்ணிவிடலாம். அதனால் இக்கரையில் ஒருவர், அக்கரையில் ஒருவர். நேரம் முடிந்ததும் உரக்கச் சொல்லி ஒப்பிட்டு, தாளில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அக்கரை ஆளை நானே ஊரில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். முள்ளுப் புதர், பாம்புச் சட்டை, கொசு. திரும்பி வந்துவிட்டேன். நான் தங்கியிருந்த ஹபீபுன்னிசா அக்கா வீட்டு மாடி அறையில், மின்விசிறிக்குக் கீழே படுத்தபடியே இயற்கையைக் காப்பது என்று முடிவு செய்தேன்.

தாள்கள் தவறாமல் நிரம்பின. ஒரு நாள் நான்கு கூகை, ஒரு நாள் இரண்டு. அக்கரை ஆளையும் நானே உண்டாக்கினேன். பெயர் பஞ்சநதம், வயது ஐம்பத்திரண்டு. அவர் கையெழுத்தை இடது கையால் போட்டேன். வாராந்திர அறிக்கையில் அவருக்கு ஒரு பத்தியே ஒதுக்கினேன். ‘வலது காலை இழுத்து நடப்பவர். இருந்தும் ஒரு நாள் தவறியதில்லை. இத்தகைய எளிய மனிதர்களே இயற்கையின் மெய்யான காவலர்கள்.’ எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

ஒருங்கிணைப்பாளர் குந்தவை மேடத்துக்கும் கலங்கியிருக்க வேண்டும். இருபத்தொன்பதாம் நாள் போன் செய்தார். அறிக்கை அட்டையில் பஞ்சநதத்தின் படம் போடப் போகிறார்களாம். நாளை இரவே எடுத்து அனுப்ப வேண்டும். கரையில், எண்ணிக்கொண்டிருக்கும்போது. படம் வரவில்லையென்றால்... அவர் மேலே சொல்லவில்லை. சான்றிதழ் போய்விடும் என்று எனக்கே புரிந்தது.

அக்காவின் தம்பி ஜாஃபர் சாதிக்கைக் கெஞ்சினேன். அவருக்கும் ஐம்பது வயது இருக்கும். காலை இழுக்க வேண்டுமா என்று கேட்டார். படத்தில் அது தெரியாது, சும்மா நின்றால் போதும் என்றேன்.

“நிக்கிறேம்மா. ஆனா ஆந்தை கத்துச்சுன்னா ஓடிருவேன், சொல்லிட்டேன்.”

பத்து மணிக்கு நேராக அக்கரைக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு.

முப்பதாம் நாள். இரவு 9.50. மதகு மேல் உட்கார்ந்திருந்தேன். மேட்டூர் அணை திறக்க இன்னும் நாள் இருந்தது. வாய்க்கால் வெடித்துக் காய்ந்து கிடந்தது. நிலா இல்லை. பனை ஓலைகள் மட்டும் உரசிக்கொண்டிருந்தன.

10.04. அக்கரையில் சத்தம்.

சரக்... ஸ்ர்ர்ர்... சரக்... ஸ்ர்ர்ர்...

ஒரு காலை வைத்து, மறு காலை இழுத்து வரும் சத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது. வேண்டாம் என்றாலும் மனிதர் நடித்துக்கொண்டே வருகிறார்.

“அண்ணே, அங்கேயே நில்லுங்க” என்றேன்.

நின்றது. இருட்டில் வெள்ளை வேட்டி மட்டும் தெரிந்தது. ஜாஃபர் எப்போதும் கைலிதான் கட்டுவார். வேஷத்துக்காக மாற்றியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கையில் டார்ச் இல்லை.

10.10. உடனே படம் எடுத்திருக்கலாம். கடைசி நாளாவது உண்மையாக எண்ணுவோமே என்று தோன்றியது. பத்து நிமிட நேர்மைக்கு எனக்கு அவ்வளவு பெருமை.

கிரீச்ச்ச்... பனையிலிருந்து ஒன்று. வயல் பக்கம் இன்னொன்று. பிறகு தள்ளித் தள்ளி இரண்டு. மொத்தம் நான்கு.

அவர் ஓடவில்லை. அசையவே இல்லை. ஒரு கொசுவைக்கூட அடிக்கவில்லை.

10.20.

“பத்து இருபது. கூகை நாலு.”

அக்கரையிலிருந்துதான் பேசினார். என் காதருகே கேட்டது.

நான் ஜாஃபரை எண்ணச் சொல்லவில்லை. 10.20-க்கு முடியும் என்றும் சொல்லவில்லை. கூகை என்ற பெயரே அவருக்குத் தெரியாது.

போன் அதிர்ந்தது. திரையில்... ஜாஃபர் சாதிக்.

“மன்னிச்சுக்கம்மா. வண்டி பஞ்சர். இன்னும் கீழ்வேளூர்லதான் நிக்கிறேன்.”

நிமிர்ந்தேன்.

வேட்டி அங்கேயே இருந்தது.

“யா... யாருங்க?”

“பஞ்சநதம்.”

பனை ஓலைச் சத்தம் நின்றுபோனது.

“இருபத்தொம்பது நாளா ஒத்தையாத்தான் எண்ணுனேன். இன்னிக்குத்தான் வந்திருக்கீங்க.”

சரக்.

வாய்க்காலுக்குள் இறங்குகிறார்.

ஸ்ர்ர்ர்...

“தாளைக் குடுங்க. என் கையெழுத்தை நானே போட்டுக்கிறேன்.”

ஓடினேன்.

செருப்பு, டார்ச், தாள், எல்லாம் மதகடியில். பின்னால் அந்தச் சத்தம். நான் ஓடுகிறேன்... அது நடக்கிறது... ஆனால் தூரம் கூடவே இல்லை. அக்கா வீட்டு விளக்கு தெரிந்த பிறகுதான் நின்றது. 10.31.

மறுநாள் ஜாஃபரும் நானும் ஊரெல்லாம் விசாரித்தோம். பஞ்சநதம் என்று யாரும் இல்லை. செத்தவர்களிலும் இல்லை.

படம் அனுப்பவில்லை. நான்கு நாள் கழித்துத் தஞ்சாவூர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். குந்தவை மேடத்தின் மேசையில் ஒரு சின்னப் பெட்டி. ஒலிப்பதிவுக் கருவி. எங்கள் எண்ணிக்கையைச் சரிபார்க்க முதல் நாளே மதகடிப் பனையில் கட்டி வைத்தார்களாம். மாணவர்களிடம் அதைச் சொல்லும் வழக்கமில்லையாம்.

ஓடவிட்டார். முதல் இரவு. பூச்சிச் சத்தம். கூகை. பிறகு அந்தக் குரல்.

“பத்து இருபது. கூகை மூணு. பொண்ணு வரலை.”

இரண்டாம் இரவு.

“பத்து இருபது. கூகை அஞ்சு. பொண்ணு வரலை.”

இருபத்தொன்பது இரவையும் வரிசையாகக் கேட்டோம். முப்பதாவதில் மட்டும், நான் ஓடிய சத்தத்துக்குப் பிறகு, “பொண்ணு வந்துச்சு.”

“இது பஞ்சநதம்தானே?” என்றார் மேடம்.

ஆமாம் மேடம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அவருக்கு முப்பது நாள் களப்பணிச் சான்றிதழ் எழுதி, நேரில் கொடுத்துவிடச் சொல்லி என்னிடமே தந்தார். எனக்கும் ஒன்று தந்தார்.

பணியாற்றிய நாட்கள்: ஒன்று.