தனியாகப் போய்க் கேட்ட மன்னிப்பு

மூன்று வருடத்துக்கு முன்பு, ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை விட்டிருந்த ஒரு காலையில், ஸ்பிரிங்வெளிப் பக்கமிருந்து பதுளைக்கு இறங்கும் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நடந்தது இது. ஒரு மனுசனின் தொழிலை நான் என் வாயாலேயே இழுத்து மூடிய கதை. பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. சொல்லாமல் வைத்திருந்தால் நெஞ்சுக்குள் கிடந்து அரிக்கிறது, அவ்வளவுதான்.

என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் இளையது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்காவது நெஞ்சுவலி, பிரசவம் என்றால் அதுதான் ஓடும். கல்யாண வீட்டுக்கும் அதுதான். ஒருநாள் பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப் துருப்பிடித்து ஒயில் கசிய ஆரம்பித்தது. கீழே சந்தியில் தகரக் கொட்டகை போட்டு கராஜ் நடத்திய தம்பியிடம் கொண்டுபோனேன். எங்கள் லயத்திலேயே பிறந்தவன்தான். கொழும்பில் பல வருடம் அடுத்தவனிடம் வேலை செய்துவிட்டு, சொந்தமாகத் தொழில் போட வேண்டுமென்று ஊருக்குத் திரும்பி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. பழைய பைப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, அதன் வளைவு ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துப் புதுப் பைப்பைக் கையாலேயே வளைத்தான். பூட்டி முடித்ததும் என்னை உள்ளே உட்கார வைத்து, பைப்புக்குள் சிக்கிய காற்று வெளியேறும்வரை, “அமத்துங்கண்ணே, அப்படியே புடிங்க, இப்ப விடுங்க” என்று என் கால் மரத்துப்போகிற அளவுக்கு பெடலை மிதிக்க விட்டான். எனக்கே எரிச்சலாக வந்தது.

பின் அச்சில் கறுப்புக் கயிற்றில் ஒரு பழைய செருப்பைத் தொங்க விட்டிருந்தேன். கண்ணூறு படாமலிருக்க எங்கள் பக்கம் பாதி வண்டிகளில் இப்படி ஏதாவது தொங்கும். வேலைக்காக அதை அறுத்து எடுத்தவன், போகும்போது என் கையில் கொடுத்து, “அண்ணே, இத இனிமே பம்பர்ல கட்டுங்க. பைப் ஓடுற எடத்துல கட்டுனா ஒரசும்” என்றான். நானும் தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா? அதே இடத்தில் கட்டினேன். பம்பரில் கட்டினால் பின்னால் வருகிறவன் எல்லாம் பார்த்துச் சிரிப்பான். புதிதாக வேலை செய்த வண்டி வேறு, கண்ணு படாதா? அதோடு, இத்தனை வருடம் தொங்கியதை நேற்று கராஜ் போட்டவன் சொல்லியா மாற்றுவது என்ற திமிர். கயிறு மழையில் இற்றுப்போகிறதே என்று இந்த முறை இரும்புக் கம்பியை எடுத்து, அச்சையும் பைப்பையும் சேர்த்து நன்றாக முறுக்கிக் கட்டினேன்.

ஐந்து மாதம் ஓடியது. தோட்டத்துப் பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று காலை, ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியையும் அவள் அம்மாவையும் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சந்திக்கு மேலே உள்ள வளைவில் பிரேக்கை மிதித்தேன், கால் நேராகத் தரைக்குப் போனது. பழைய காரில் ஒரு பைப் போனால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. ஹேண்ட் பிரேக்கோ பெயருக்குத்தான். கியரைக் குறைத்து, வண்டியை மலைப்பக்கத்து மண்ணில் உரச விட்டேன். பாதையோரம் தண்ணி ஓடும் கானுக்குள் இறங்கிச் சாய்ந்து நின்றது. மறுபக்கம் போயிருந்தால் இதை எழுத நான் இல்லை. கர்ப்பிணிக்குக் கடவுள் புண்ணியத்தில் ஒன்றுமில்லை. அம்மாக்காரிக்குக் கை மணிக்கட்டு முறிந்துவிட்டது. கொழுந்து பறிக்கிற கை அது.

மேலே மலையில் வேலை செய்த சனம் கூடையோடு இறங்கி ஓடி வந்தது. கீழேயிருந்து அந்தத் தம்பியும் கையில் கிரீஸோடு ஓடி வந்தான். அவனைக் கண்டதும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சட்டையைப் பிடித்தேன்.

“ஒன்ன நம்பித்தானேடா வண்டிய குடுத்தேன்! மூணு உசுரு போயிருக்குமேடா! என்னா வேல செஞ்சி வச்சிருக்க?”

அவன் திமிறவில்லை. “அண்ணே, அந்த செருப்ப எங்க கட்டுனீங்க?” என்று மட்டும் கேட்டான்.

“கை ஒடஞ்சு ஒரு பொம்பள கெடக்கா, நீ செருப்பப் பத்தியா பேசுற?”

“ஒரு தடவ கீழ பாத்துட்டுச் சொல்றேண்ணே, ஒரே ஒரு தடவ” என்று குனிந்தான். நான் தள்ளிவிட்டேன். “என் வண்டியத் தொடாத! இவன்கிட்ட இனி ஒருத்தரும் வண்டி குடுக்காதீங்க, கொன்னுபுடுவான்!” என்று கத்தினேன். அத்தனை சனமும் கேட்டுக்கொண்டு நின்றது.

இரண்டு நாள் கழித்துக் காரை லொறியில் கட்டி பதுளைக்குக் கொண்டுபோய் வேறொரு கராஜில் விட்டேன். அங்கே இருந்த வயதான மெக்கானிக் கீழே படுத்தவர், உடனே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கம்பி ஆடி ஆடிப் பைப்பை அரம் போட்டு அறுத்தமாதிரி அறுத்திருந்தது. “பைப் வேல அருமையா செஞ்சிருக்கான். இந்தக் கம்பிய எந்த மடையன் கட்டுனது?” என்று சிரித்தார். எந்த மடையன் என்று நான் சொல்லவில்லை.

ஊரில் அதற்குள் என் பேச்சு பசறைவரைக்கும் பஸ் ஏறிப் போய்விட்டது. ஓட்டோக்காரர்கள் அந்தச் சந்தியைத் தாண்டிப் போய் வேறு இடம் தேடினார்கள். ஒரு நாள், ஒரு வாரம் என்று நான் தள்ளிப்போட்டேன். கொட்டகையில் ஒரு வண்டியும் இல்லாமல் அவன் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான், பொழுது சாய அவன் வீட்டுக்குத் தனியாகப் போய் நடந்ததைச் சொல்லி, மன்னித்துவிடு தம்பி என்றேன்.

அவன் கோபப்படவில்லை. அவன் மனைவிதான் உள்ளேயிருந்து விம்முவது கேட்டது. “எல்லாருக்கும் முன்னால நின்னு பேசுனீங்க. இப்ப தனியா வந்து சொல்றீங்களேண்ணே” என்றான். “நாளைக்குக் காலைல பெரட்டுக்கு வந்து, இதே வார்த்தைய அங்க சொல்லுங்க. எனக்கு அது போதும்.”

வேலை பிரித்துக் கொடுப்பதற்காக முழுத் தோட்டமும் கூடுகிற இடம் அது. வருகிறேன் என்று சத்தியமாகச் சொன்னேன். விடிந்தது. முறிந்த கையோடு அந்த அம்மாவும் அங்கே நிற்பாள், அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று நினைத்தேன். காய்ச்சல் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவன் கடைசி ஆள் போகும்வரை அங்கே நின்றானாம்.

அந்த மாதமே கொட்டகைத் தகரத்தைக் கழற்றி விற்றுவிட்டு, மறுபடியும் அடுத்தவனிடம் வேலை செய்யக் கொழும்புக்கே போய்விட்டான். பொங்கலுக்குக்கூட வருவதில்லை. நான் காரை விற்றுவிட்டேன், அதனால் யாருக்கு என்ன லாபம்? என்னையும் அவனையும் தெரிந்தவர்களுக்கு நடுவில் நின்று சொல்ல வேண்டியதை, என் பெயர் போடாமல் இப்படி எழுதுகிறேனே, இதுவும் அவன் சொன்ன அந்தத் தனியாக வந்து சொல்வதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது.