அலமாரிப் பூட்டும் அத்தானின் பேய் விளையாட்டும்

என் அக்காள் கணவர், எனக்கு அத்தான், பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்; நான் அங்கேதான் வேலை பார்க்கிறேன். நிழலைக்கூட நம்பாதவர். சாவியைத் தொலைத்துவிட்டு யாராவது கூப்பிட்டால், பூட்டைத் தொடுவதற்கு முன் “உள்ளே நுழைஞ்சதும் வலது பக்கம் என்ன இருக்கு?” என்று கேட்பார். பதிலில் தடுமாறினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார்.

அவருக்கு ஒரு பழைய பேய் வீடியோ கேம் உயிர். அதைக் குறை சொல்லிவிட்டால் தொலைந்தோம்.

“ஒரு கதவு திறக்க ஒரு யுகமாகுது அத்தான். நாம ஆட்டுற ஆளு லாரி மாதிரி திரும்புறான். மூலையில யார் நிக்கிறான்னே தெரியலை” என்பேன்.

“கதவு மெதுவா திறக்குறதுதாண்டா பயமே. தினம் கதவு திறக்குறவன் சொல்றேன், கேளு. மூலைக்கு அந்தப் பக்கம் நிஜத்துல மட்டும் தெரியுதா? சட்டுனு திரும்பி ஓட முடிஞ்சா எவன் பயப்படுவான்? குண்டு கம்மியா இருக்கவேதான் யோசிச்சு சுடுறோம்.”

அக்காள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போவாள்.

ஒருநாள் கேமில் அவர் சேர்த்து வைத்திருந்த குண்டுகள் குறைந்திருந்தன. யாரோ தெரியாமல் ஆடுகிறார்கள் என்று கேம் இயந்திரத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மறுபடியும் குறைந்தது. பூட்டை மாற்றினார். அப்போதும் குறைந்தது. பூட்டில் ஒரு கீறல் இல்லை.

கீறாமல் பூட்டைத் திறக்க அவரிடமே கற்றுக்கொண்டவன் நான் ஒருவன்தான். பூட்டு எண்ணெய் வாடை வருகிறதா என்று என் விரல்களை மோந்து பார்த்தார். கடையிலேயே கிடப்பவனுக்கு வேறென்ன வாடை வரும்? “நான் இல்லை” என்று சொல்லச் சொல்ல, தேள் கொட்டிய திருடனைப் போல நானே முழித்தேன்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டார்: “வீட்டுச் சாவியை வச்சிடு. நாளையிலேர்ந்து கடைக்கும் வர வேணாம்.”

எனக்கு இந்தத் தொழிலை விட்டால் வேறு தெரியாது. அதைவிட, திருடன் என்று நினைத்துவிட்டாரே என்பதுதான் வலித்தது. சாவியை மேசையில் வீசினேன்.

“கதவு திறக்குறதுக்குள்ள தூக்கம் வர்ற கேமை எவன் திருட்டுத்தனமா ஆடுவான்?”

அடுப்படியிலிருந்து அக்காள் கரண்டியோடு திரும்பினாள். “தூக்கமா? மாடிக் கதவு திறக்கும்போது உள்ளே மூச்சு சத்தம் கேக்குமே, கேட்டிருக்கியா? எனக்குக் கை நடுங்கி அத்தனை குண்டும் சுவத்துல…”

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எந்தப் பூட்டு மாட்டினாலும் அதன் மாற்றுச் சாவியை அக்காளிடம் கொடுத்துவிடுவது அத்தானின் பழக்கம். ஊரையே சந்தேகப்பட்டவருக்கு அந்தச் சாவியின் நினைப்பே வரவில்லை.

இடி விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் நாற்காலியை அக்காள் பக்கம் திருப்பிப் போட்டார்.

“மாடியில சுடக்கூடாது. கதவைச் சாத்திட்டு ஓடி வந்துடணும்” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார், கண்ணைப் பார்க்காமல். கோபம் ஆறாமல் நான் கையை நீட்டினேன்.

“மோந்து பாத்துக்குங்க.”

அவர் நான் வீசிய சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.